கப்பலுக்குப் பிறந்தநாள்

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவன் போவதற்கு முன்னால் தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது. வீடு வீடாகப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க" என்று சொல்லவேண்டும். அவர்களும், "பொறுத்தோம் பாய், நல்லபடியா போயிட்டு வாங்க, எங்களுக்கும் சேர்த்து துவா செய்யுங்க" என்பார்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம். டீக்கடை மணிகண்டபிரபு மட்டும் கையை விடாமல், "ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கிளாச ஒடச்சுப் பெஞ்சுக்கு அடியில தள்ளிவிட்டுட்டுப் போனீங்கள்லா, அதையும் சேர்த்துப் பொறுத்தாச்சு" என்றான். பார்த்திருக்கிறான் பயல்.

மொத்தம் நூற்றுப் பதினாறு பெயர். என் மனைவி மெஹராஜ் பேகம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, நான் போய்வரப் போய்வர டிக் அடித்துக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் சென்னைக்கு ரயில். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பெயர் பாக்கி இருந்தன. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சௌந்தரபாண்டியன்; தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்போம். அவர் வீட்டுப் பழைய டிரைவர் பூவனலிங்கம்.

"மத்தவங்ககிட்ட சொன்னாப்புல பொத்தாம்பொதுவா இவியகிட்ட சொல்லிட்டு வந்துராதீங்க. என்ன செஞ்சோம்னு சொல்லிக் கேக்கணும். இல்லன்னா அது கேட்ட கணக்கே இல்ல" என்றாள்.

எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே அந்த இரண்டு பெயரையும் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

என் பெயர் ஷேக் தாவூது. எட்டயபுரம் ரோட்டில் முப்பது வருடமாக லேத்துப் பட்டறை. லாரி, டிராக்டர், போர் லாரி என்று எஞ்சின் பிளாக் எது வந்தாலும் சிலிண்டரைக் குடைந்து போர் போட்டு, மேல்முகத்தைச் சீவி, புதிதுபோல் ஆக்கிக் கொடுப்பேன். தாவூது கையில் தப்பு வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் திமிர் ஏறிப்போயிருந்தது. என் வாழ்க்கையைக் கெடுத்தது அந்தத் திமிர்தான்.

சௌந்தரபாண்டியன் முதலாளியின் வீட்டில் ஒரு அமெரிக்கக் கார் உண்டு. அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. எட்டு சிலிண்டர். சென்னையில் ஏதோ ஒரு தூதரகத்து அதிகாரி விட்டுப்போன காரை அவருடைய அப்பா வாங்கிவந்தார். அது பஜாரில் திரும்ப வேண்டுமென்றால் நாலு கடைக்காரர்கள் வெளியே வைத்த சாமானை உள்ளே எடுக்கவேண்டும். அதன் நிஜப் பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. கப்பல் என்றுதான் பெயர். கப்பலைக் கடைசிவரை ஓட்டியவர் பூவனலிங்கம். அந்த அப்பா, பெரிய முதலாளி, காலமானபிறகு கப்பல் ஆபீஸ் வளாகத்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருபத்தைந்து வருடம் கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், மகன் சௌந்தரபாண்டியனுக்கு அதைத் திரும்ப ஓட வைக்கும் ஆசை வந்தது. எஞ்சினைக் கழற்றி, பிளாக்கை என்னிடம் அனுப்பினார்.

நான் லாரி எஞ்சினுக்குச் செய்வதைத்தான் அதற்கும் செய்தேன். போர் போட்டேன். மேல்முகத்தை மெஷினில் ஏற்றி ஒரே சீவாகச் சீவினேன். முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒரு இரும்புத் திட்டு இருந்தது. அதுவும் அதே மட்டம். அதன்மேல் துருவும் கிரீசும் அப்பியிருந்தன. நல்ல வேலைக்காரன் அழுக்கை விட்டுவைப்பானா? அதையும் சேர்த்துப் பளபளவென்று சீவிவிட்டேன். லாரிக்காரர்கள் அந்தப் பளபளப்பைத்தான் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி போன் செய்தார். "பாய், முன்பக்கத் திட்டுல நம்பர் குத்தியிருப்பானாம். எந்த மாசம், எந்தத் தேதியில எஞ்சினப் பூட்டுனான்னு அதுலதான் இருக்காம். அத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

திட்டைப் போய்ப் பார்த்தேன்; கண்ணாடிபோல் மின்னியது. சீவிய இரும்புத் தூள் கூடப் பெருக்கிக் கொட்டியாயிற்று.

"கிரீஸ் அப்பியிருக்கு மொதலாளி. தொடச்சிட்டு சாயங்காலம் அனுப்புதேன்" என்றேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு ஏச்சு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். தாவூது கையில் தப்பு வராது என்று அவரே நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். அது என் வாயை அடைத்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்திலிருந்து வண்டியின் நம்பரை எடுத்துக்கொண்டேன். மாசமும் தேதியும் அதில் இல்லை. நம்பர் குத்துகிற பஞ்ச் அச்சையும் சுத்தியலையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நாலு இலக்கம் வேண்டியிருந்தது. என் மண்டையில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: என் மகள் பௌசியா பிறந்த ஆகஸ்ட் பதினான்கு. 0814 என்று குத்தினேன். உப்புத் தண்ணீர் தடவித் துருவேற்றினேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். இத்தோடு முடிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முதலாளி அதற்குள் பழைய கார்க்காரர்களின் வாட்சப் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டார். "எஞ்சினுக்கும் ஜாதகம் உண்டு பாய்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். விஷயம் இதுதான்: கார்புரேட்டர், ஹெட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒவ்வொரு பாகத்திலும் அது செய்யப்பட்ட தேதி இருக்கும். அந்தத் தேதிகள் எல்லாம் எஞ்சினைப் பூட்டிய தேதிக்கு ஒன்றிரண்டு மாதம் முந்தியதாக இருக்கவேண்டும். அப்படி இருந்தால்தான் வண்டி பிறந்தபோது இருந்த பாகம். இல்லாவிட்டால் நடுவில் எவனோ மாற்றியிருக்கிறான் என்று அர்த்தம்.

கப்பலின் பாகங்களைக் கழுவிப் பார்த்தோம். எல்லாமே பிப்ரவரி.

"ஆகஸ்ட்ல பூட்டுன எஞ்சினுக்கு பிப்ரவரி பாகத்தையா போடுவான்?" என்றார் முதலாளி. முகம் கறுத்துவிட்டது. எட்டுப் பாகங்கள் சேர்ந்து ஒரே பேச்சாய் பிப்ரவரி என்கின்றன. ஒரே ஒரு திட்டு ஆகஸ்ட் என்கிறது. யோசிக்கிறவன் அந்தத் திட்டைத்தான் சந்தேகப்பட்டிருப்பான். ஆனால் திட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியவன் தாவூது ஆயிற்றே!

"பூவனலிங்கத்தக் கூப்பிடுங்கடே" என்றார்.

இடைசெவல் கிராமத்திலிருந்து பூவனலிங்கம் வந்தார். எழுபது தாண்டிய மனிதர். ஆபீஸ் முற்றத்தில் வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் பார்க்க, முதலாளி கேட்டார்: "அப்பா காலத்துல வண்டி ஒம்ம கையிலதான இருந்தது? நல்ல சாமான எல்லாம் கழத்தி வித்துட்டு எந்தக் கழிவ மாட்டினீரு?"

"ஒரு நட்டக் கூட நான் தொட்டது இல்ல மொதலாளி" என்றார் அவர். அதையே மூன்று தரம் சொன்னார்.

அவர் மகள் சுடலைச்செல்வி அந்த ஆபீசிலேயே பெட்டி அடைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு இரண்டு பேருமே அந்த கேட்டுக்குள் வரவில்லை. அவரை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேன் சங்கரபாண்டியனுக்கு உத்தரவும் ஆகிவிட்டது. நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப்பிறகு மூன்று வருடம் நான் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. ஜூன், ஜூலைத் தேதி போட்ட பாகங்களைத் தேடி முதலாளி என்னை அலைய விட்டார். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளுக்கு எத்தனை தடவை போனேன் என்று நினைவில்லை. கோயம்புத்தூர் போனேன். அமெரிக்காவில் இருந்து பார்சல் வரும். பூதக்கண்ணாடியும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு தேதியைத் துடைத்துப் பார்ப்போம். மே மாதம் என்றால் திருப்பி அனுப்புவார். ஜூலை என்றால் என்னைக் கட்டிப்பிடிப்பார். பொய்த் தேதிக்குப் பொருத்தமாக மெய்யான பாகம் தேடி அலைந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு பாகத்தையும் போல்ட் போட்டு முறுக்கும்போது, இனிமேல் சொல்லவே முடியாது என்று எனக்கு ஒரு சுற்று இறுகும்.

"பழசையெல்லாம் எடைக்குப் போட்டுருங்க பாய்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. சாக்கில் கட்டி லேத்துக்கு அடியில் தள்ளி வைத்தேன். தினமும் என் காலில் அது தட்டும்.

இதற்கு நடுவில் ஆகஸ்ட் பதினான்கு வந்தது. கப்பலுக்குப் பிறந்தநாள் என்று இருநூறு பெண்களுக்கும் முதலாளி லட்டு கொடுத்தார். டப்பாவின் மேல் 0814 என்று அச்சடித்த ஸ்டிக்கர் வேறு. எனக்குக் கொடுத்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மெஹராஜ் ஸ்டிக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது நம்ம பிள்ள பொறந்த தேதில்லா?"

சொல்லிவிட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "அந்த மனுசன் பேரு கெட்டுக் கெடக்கு. சொல்லிருங்க" என்றாள். "சொல்லுதேன்" என்றேன். இரண்டாவது வருடமும் லட்டு வந்தது. மூன்றாவது வருடமும் வந்தது. தின்னவும் முடியாது, பிள்ளை பிறந்தநாள் இனிப்பைத் தூர எறியவும் மனசு வராது. அந்த டப்பாவோடு பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பேன்.

இந்த வருடம் ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் என் பெயர் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும், வசமாக மாட்டிக்கொண்டோம் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முதலாளியைப் பார்க்கப் போனேன். ஷெட்டில் இருந்தார். அன்றைக்குக் காலையில்தான் கடைசிப் பாகம், ஜூலைத் தேதி போட்ட கார்புரேட்டர், பார்சலில் வந்திருந்தது. குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"எல்லாம் கூடி வந்துட்டு பாய். ஞாயித்துக்கெழம கோயம்புத்தூர் பழைய கார் கண்காட்சியில காட்டப் போறோம். நீங்க மக்காவுல இருப்பிய, நான் அங்க இருப்பேன்."

நான் வழக்கப்படி சொன்னேன். கார்புரேட்டரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க எங்கிட்ட மன்னிப்புக் கேக்கதா? நீங்க இல்லன்னா எங்கப்பா வண்டி ஏது? எது இருந்தாலும் பொறுத்தேன் பாய்."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. எது இருந்தாலும் என்று சொல்லிவிட்டாரே! செருப்பைத் தேடிக் காலைக் கூட நீட்டிவிட்டேன். டிக் அடிக்கக் காத்திருக்கிறவளின் முகம் ஞாபகம் வந்தது.

"மொதலாளி, அந்தத் திட்டுல இருக்க நம்பர நான் குத்தினது" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சீவியது, பஞ்ச், பௌசியா, பிப்ரவரி, பூவனலிங்கம், லேத்துக்கு அடியில் கிடக்கும் சாக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் குனிந்து திட்டைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் தேய்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன, ஒம்மக் கொன்னா போட்டிருப்பேன்?" என்றார். 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது. "சரி. பொறுத்தேன்னு சொல்லிட்டேன், பொறுத்தேன். இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்."

"பூவனலிங்கம் அண்ணாச்சி..."

"அந்தாளுக்கு மாசாமாசம் ஏதாவது குடுத்து விடுதேன். நீரு அந்தப் பேச்ச எடுக்காதீரும். எல்லார் முன்னாலயும் திருடன்னு சொன்ன வாய வச்சுக்கிட்டு, நான் எப்படி அதத் திரும்ப அள்ளுவேன்? மூணு வருசம் லட்டு குடுத்திருக்கேன் வே! ஊரு சிரிக்கும்." பட்டறை இருக்கும் கட்டடம் அவருடையது. அதையும் சொல்லிவிட்டார்: "வெளிய வாயத் தொறந்தா, சாவியக் குடுத்துட்டுப் போயிரும்."

வெளியே வந்தபோது எனக்கு மூச்சு லேசாக இருந்தது. அப்பாடா, மன்னித்துவிட்டார், வாயை மூடவும் சொல்லிவிட்டார், இனி நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு சுகம். அந்தச் சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மெஹராஜ் எல்லாவற்றையும் கேட்டாள். நோட்டை எடுக்கவே இல்லை.

"வாய மூடுறதுக்குக் குடுத்தது மன்னிப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை, லேத்துக்கு அடியிலிருந்த சாக்கை அவிழ்த்து, பழைய கார்புரேட்டரை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இடைசெவலுக்கு வண்டியை விட்டேன். கரிசல் காடு முழுக்க வெடித்துக் கிடந்தது. பூவனலிங்கம் வீட்டுக்குப் பின்னால் விறகுக்குக் காய்ந்த பருத்திமாரை அடுக்கிக்கொண்டிருந்தார். நூறு நாள் வேலைக்குப் போயிருந்த சுடலைச்செல்வி அப்போதுதான் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தாள்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கினவுடனே கிழவர் அதைப் புரட்டி, பக்கவாட்டில் விரலால் துழாவினார்.

"இங்கன ஒரு செம்புக் கம்பி கட்டியிருப்பேன்... இந்தா இருக்கு பாருங்க! மணியாச்சி ரயில்வே கேட்டுல நிக்கும்போது ஸ்பிரிங் அறுந்துபோச்சு. பெரிய மொதலாளி ரயிலுக்குப் போவணும். இந்தக் கம்பியக் கட்டித்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். இது எங்க கெடந்தது பாய்?"

சொன்னேன். இந்தத் தடவை முதலாளியிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "இப்ப நீங்களும் சொல்லிட்டிய. போதும் பாய். நல்ல எடத்துக்குப் போறீங்க. பொறுத்தேன்."

"அப்பா பொறுத்துக்கிடுவாக" என்றாள் சுடலைச்செல்வி. "நான் பொறுக்க மாட்டேன். இருநூறு பேரு பாக்க எங்கப்பாவத் திருடன்னு மொதலாளி கேட்டாவ. நீங்க எங்க வீட்டுக் கொல்லையில வந்து சொன்னா சரியாப்போச்சா? ஆபீஸ் கேட்டுக்கு முன்னால சொல்லுங்க. நாளைக்குக் காலையில, எட்டு மணிக்கு, பொம்பளையாளுக உள்ள போற நேரத்துல. நாங்க வாரோம்."

பட்டறைச் சாவி என் சட்டைப்பையில் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

வியாழக்கிழமை ஏழே முக்காலுக்கெல்லாம் கேட்டுக்கு முன்னால் நின்றேன். சுடலைச்செல்வி அப்பாவை டி.வி.எஸ். வண்டியில் பின்னால் வைத்துக் கூட்டிவந்தாள். கிழவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கையில் அந்தப் பை. பெண்கள் தூக்குவாளியோடு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகிற பாய் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் சுற்றி நின்றார்கள்.

"தெரிஞ்சும் தெரியாமலும்" என்று தொடங்கியவன் நிறுத்தினேன். "தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றேன். கப்பலின் நம்பரை நான் அழித்ததையும், பொய்யாக ஒன்று குத்தியதையும், பூவனலிங்கம் அண்ணாச்சி ஒரு நட்டைக் கூட எடுக்கவில்லை என்பதையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லும்போதே கேட்டுக்கு உள்ளே, ஷெட் வாசலில், முதலாளி வந்து நிற்பது தெரிந்தது. நிறுத்தவில்லை.

ஜெயப்பிரியா என்ற பெண்தான் கேட்டாள்: "அப்பம் நாங்க மூணு வருசமாத் தின்ன லட்டு?"

"எம் மவ பௌசியா பொறந்தநாளுக்கும்மா."

குபீரென்று ஒரு சிரிப்பு. ஊர் சிரிக்கும் என்று முதலாளி பயந்தது நடந்துவிட்டது. சுடலைச்செல்வி சிரிக்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பையிலிருந்து கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு நேரே கேட்டை நோக்கி நடந்தார். வாட்ச்மேன் சங்கரபாண்டியன் பழக்கத்தில் கையை நீட்டி மறித்துவிட்டு, முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

"இத மாட்டணும்லா மொதலாளி. இதுதான அதுக்கு உள்ளது" என்றார் பூவனலிங்கம்.

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை தொடங்கும் சங்கு ஊதியது. ஊதி முடிந்தது.

"வழிய விடுலே" என்றார்.

கிழவர் உள்ளே போனார். முதலாளியின் அப்பா காலத்தில் எப்படிப் போவாரோ அப்படி, யாரையும் பார்க்காமல் ஷெட்டுக்குள் போனார். முதலாளி என் பக்கம் வந்து கம்பிக் கதவுக்கு வெளியே கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"பொறுத்துக்கிடுங்க மொதலாளி."

"முந்தாநாளு பொறுத்தேன்" என்றார். "இன்னைக்கு இல்ல."

வீட்டுக்கு வந்தபோது மெஹராஜ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். திரும்பிவந்தால் லேத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது, அதையும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் நோட்டை எடுத்தாள். பூவனலிங்கத்துக்கு டிக் அடித்தாள். அதற்குக் கீழே நூற்றுப் பதினேழாவதாகச் சுடலைச்செல்வி என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வண்டிய எடுக்கும்போது, எத்தன மணிக்கு ரயிலுன்னு கேட்டா."

மெஹராஜ் அந்த இடத்தை விட்டுவைத்தாள். சௌந்தரபாண்டியன் பெயருக்கு எதிரேயும் ஒன்றும் போடவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்களுக்கு நடுவில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் சுடலைச்செல்வி நின்றாள். ரயில் நகரும்போது கையைத் தூக்கினாள். சென்னைவரை வழியனுப்ப என்னோடு ரயிலேறியிருந்த மெஹராஜ் மடியில் நோட்டை வைத்து அவள் பெயருக்கு ஒரு டிக் அடித்தாள். முதலாளி பெயர் மட்டும் பாக்கி இருந்தது. நோட்டை நான் வாங்கி, மக்காவுக்குக் கொண்டுபோகிற துணிகளோடு வைத்துக்கொண்டேன்.